நிச்சயமில்லாத காலத்தில் குழுவை நடத்துவது: துணிவு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேற்பார்வையாளர்கள், சின்னக் கடை முதலாளிகள், சங்கப் பொறுப்பாளர்கள், வார்டைப் பார்த்துக்கொள்ளும் மூத்த தாதியர் எனப் பலருக்கும் சிங்கப்பூரில் தமிழில் பயிற்சி வகுப்பு நடத்தி வருகிறேன். வகுப்பில் கேட்கத் தயங்கி, இடைவேளையில் தேநீரோடு பக்கத்தில் வந்து மெல்லக் கேட்கிற கேள்விகள்தான் எனக்கு முக்கியமானவை. அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். தலைவர் என்றதும் பெரிய நாற்காலியை நினைக்க வேண்டாம். உங்கள் சொல்லைக் கேட்டு நான்கு பேர் நடக்கிறார்கள் என்றால் இது உங்களுக்கும்தான்.

பதில்கள் எல்லாவற்றிலும் ஒரே கருத்துதான் ஓடும், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தெரியாததைத் தெரியாது என்று சம்பந்தப்பட்டவர்களிடம் நேரத்தோடு சொல்வது. சொன்ன பிறகும் ஒரு முடிவை எடுத்து அதற்குப் பொறுப்பேற்பது. தலைமைக்கு வேண்டிய துணிவில் முக்கால்வாசி இதற்குள் அடங்கிவிடும். பழகப் பழக வரும்.

எனக்கே உள்ளுக்குள் உதறல். பயப்படுகிறவன் நாலு பேருக்கு வழிகாட்ட முடியுமா?

முடியும். பயமே வராத ஒருவரை நம்பி என் பிள்ளையை வேலைக்கு அனுப்ப நான் யோசிப்பேன்.

ஸ்டான்லி ராக்மன் என்ற உளவியல் அறிஞர், வட அயர்லாந்தில் வெடிகுண்டுகளைச் செயலிழக்க வைத்த பிரிட்டிஷ் ராணுவத்தினரை ஆராய்ந்தார். பயிற்சிக்குப் பின் அந்த வேலையைச் செய்ய முடியும் என்ற நம்பிக்கை அவர்களிடம் நன்றாகக் கூடியிருந்தது. பயம் இருக்கும்போதே செய்ய வேண்டியதைத் தொடர்ந்து செய்வதுதான் துணிவு என்பது ராக்மனின் பார்வை. பயம் போகட்டும், பிறகு பேசலாம் என்று காத்திருப்பவர் ரொம்ப நாள் காத்திருக்க வேண்டியிருக்கும்.

உதறல் வரும்போது ஒன்றை மட்டும் பிரித்துப் பாருங்கள். என் ஆட்களுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயமா, என் பெயர் கெட்டுவிடுமோ என்ற பயமா? முதல் பயம் சொல்வதைக் காது கொடுத்துக் கேளுங்கள், அதில் விஷயம் இருக்கும். இரண்டாவது எல்லாருக்கும் வருவதுதான். ஆனால் முடிவை அதன் கையில் விடாதீர்கள்.

துணிவு பிறவியிலேயே வர வேண்டியது இல்லையா?

நம்மூர் உதாரணமே இருக்கிறது. 1974 ஜனவரி 31 அன்று ஆயுதம் ஏந்திய நான்கு பேர் புலாவ் புக்கோம் தீவின் ஷெல் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையைத் தாக்கினார்கள். இருவர் ஜப்பானியச் செம்படையைச் சேர்ந்தவர்கள், இருவர் பாலஸ்தீன விடுதலைக்கான மக்கள் முன்னணியைச் சேர்ந்தவர்கள். தப்பிக்கும் வழியில் லாஜு என்ற படகைக் கைப்பற்றி அதன் ஊழியர்களைப் பிணையாக வைத்துக்கொண்டார்கள். ஒரு வாரம் பேச்சுவார்த்தை நடந்தது. அதற்குள் குவைத்தில் ஜப்பானியத் தூதரகத்தை வேறொரு கூட்டம் பிடித்துக்கொண்டு, லாஜுவில் இருப்பவர்களை அங்கே கொண்டுவரச் சொன்னது. கடைசியில், பிணையாளிகளை விடுவிப்பதற்கு ஈடாக, சிங்கப்பூர் அதிகாரிகள் 13 பேர் அந்த நால்வரோடு ஒரே விமானத்தில் குவைத்துக்குப் பறந்தார்கள். குழுவுக்குத் தலைமை தாங்கியவர் எஸ் ஆர் நாதன். அப்போது அவர் தற்காப்பு அமைச்சின் உளவுப் பிரிவுக்குத் தலைவர். பின்னாளில், 1999 முதல் 2011 வரை, நாட்டின் அதிபர். போனவர்கள் எல்லாரும் பத்திரமாகத் திரும்பினார்கள்.

இதைக் கேட்டால் அவர் பிறக்கும்போதே அப்படித்தான் என்று தோன்றும். அதற்கு முன் அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்று பாருங்கள். பதின்ம வயதில் வீட்டை விட்டு ஓடியவர், எழுத்தர் வேலை பார்த்தவர். 1956இல் கடலோடிகள் நல அதிகாரி ஆனார். சம்பளம், ஒப்பந்தம், கப்பல் நிறுவனம் என்று கடலோடிகள் கொண்டுவரும் வழக்குகளைக் கேட்கிற வேலை. அப்புறம் தொழிற்சங்க ஆய்வுப் பிரிவு. கோபமாக இருக்கும் இரண்டு தரப்புக்கு நடுவில் உட்கார்ந்து, இரண்டு பக்கமும் நம்பும்படி பேசுவதை அவர் பல வருஷம் செய்திருக்கிறார். விமானத்தில் ஏறிய துணிவு அங்கே சேர்ந்தது என்று நான் நம்புகிறேன். உங்களுக்கு லாஜு வரப்போவதில்லை. ஆனால் சம்பளத்தில் பிடித்தம் ஏன் என்று கேட்டு ஒருவர் உங்கள் மேசைக்கு முன் நிற்கிறாரே, அந்தப் பேச்சைத் தள்ளிப்போடாமல் இருப்பதும் அதே பயிற்சிதான்.

முழு விவரமும் தெரியாமல் எப்படி முடிவெடுப்பது? ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்களே?

ஆழம் தெரியும்வரை காத்திருக்க முடிந்தால் காத்திருங்கள். காத்திருப்பதற்கே விலை உண்டு என்னும்போதுதான் சிக்கல்.

2003 மார்ச் 22 அன்று டான் டோக் செங் மருத்துவமனை சார்ஸ் நோயாளிகளுக்கென்றே ஒதுக்கப்பட்டது. நோயைக் கிளப்புவது எந்தக் கிருமி என்று அன்றைக்கு உறுதியாகத் தெரியாது. புதுவகைக் கொரோனா கிருமிதான் என்று உலகச் சுகாதார நிறுவனம் அறிவித்தது ஏப்ரல் 16இல். கிருமியின் பெயர் தெரியட்டும் என்று இருந்திருந்தால் அந்த மூன்றரை வாரத்தில் நோய் எத்தனை மருத்துவமனைகளுக்குப் போயிருக்கும்? ஆனால் ஒன்று தெரிந்திருந்தது: மருத்துவமனைக்குள்ளேயே, பராமரிப்பவர்களுக்கே இது தொற்றுகிறது. அந்த ஒன்றை வைத்து முடிவெடுத்தார்கள். கடைசியில் சிங்கப்பூரில் 238 பேருக்கு நோய் வந்தது, 33 பேர் இறந்தார்கள். நோயுற்றவர்களில் ஏறக்குறைய ஐந்தில் இருவர் சுகாதாரத் துறையினர். துணிந்து எடுத்த முடிவுக்கும் விலை இருந்தது, அதை வார்டில் நின்றவர்கள் கொடுத்தார்கள். இதை மறக்கக் கூடாது.

என் வகுப்பில் ஒரு தாளை மூன்றாக மடிக்கச் சொல்வேன். முதல் பத்தியில் உறுதியாகத் தெரிந்தது. இரண்டாவதில் தெரியாதது. மூன்றாவதில், எந்தத் தேதிவரை என்ன செய்யப்போகிறோம், அந்தத் தேதியில் எதைப் பார்த்துவிட்டு மறுபடி யோசிப்போம். பெரும்பாலானவர்கள் இரண்டாவது பத்தியை எழுதத்தான் திணறுகிறார்கள். தெரியாததைத் தெரிந்ததுபோல நினைத்துக்கொண்டிருந்தது அங்கேதான் வெளியே வரும்.

இன்னொன்று: எடுக்கப்போகும் முடிவைப் பிறகு மாற்ற முடியுமா? ஒரு மாதம் சோதனையாக ஷிப்ட் நேரத்தை மாற்றுவது மாற்றக்கூடிய முடிவு. அதற்கு மூன்று கூட்டம் போடாதீர்கள். பத்து வருஷம் கூட இருந்த ஆளை அனுப்புவதைத் திரும்பப் பெற முடியாது. அங்கே நிதானம் வேண்டும், வெளியே நிற்கும் ஒருவரின் கருத்தும் வேண்டும். நம்மில் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். சின்னதற்கு மாதக்கணக்கில் இழுக்கிறோம், பெரியதைக் கோபத்தில் ஒரே நாளில் முடிக்கிறோம்.

ஒன்று சொல்லிவிட்டு மாற்றிச் சொன்னால் மரியாதை போய்விடாதா?

காரணத்தோடு மாற்றினால் போகாது. கொவிட் தொடங்கியபோது, உடம்புக்கு ஒன்றுமில்லை என்றால் முகக்கவசம் போட வேண்டாம் என்பதே இங்கே அரசாங்கத்தின் அறிவுரை. அறிகுறியே இல்லாதவர்களிடமிருந்தும் கிருமி பரவுகிறது என்பதற்கு ஆதாரம் சேர்ந்தது. 2020 ஏப்ரல் 3 அன்று அப்போதைய பிரதமர் லீ சியன் லூங், இனி முகக்கவசம் அணிவதை வேண்டாம் என்று சொல்லப்போவதில்லை, எல்லாருக்கும் மறுபயனீட்டுக் கவசம் கொடுப்போம் என்று அறிவித்தார். அதே மாதம் 14ஆம் தேதி அது கட்டாயமானது. முன்பு சொன்னது என்ன, இப்போது என்ன மாறியது, அதனால் என்ன செய்கிறோம் என்ற மூன்றும் வெளிப்படையாக வந்தால் மக்கள் ஏற்றுக்கொள்வார்கள். முன்பு அப்படிச் சொல்லவே இல்லை என்று சாதிப்பவர்மேல்தான் நம்பிக்கை போகும்.

திட்டமே போட முடியவில்லை. இன்றைக்கு ஒரு தேதி, நாளைக்கு ஒரு தேதி. என்ன செய்வது?

தேதி எதுவானாலும் வீணாகாத வேலை எது என்று தேடுங்கள். 1967 ஜூலையில் பிரிட்டன், சிங்கப்பூரிலிருந்து 1970களின் நடுப்பகுதிக்குள் படைகளை எடுத்துக்கொள்வோம் என்றது. 1968 ஜனவரியில் அது 1971 மார்ச் என்று முன்னால் வந்தது. லீ குவான் இயூ லண்டனுக்குப் போய்ப் பேசிய பிறகு 1971 டிசம்பர் ஆனது. பிரிட்டிஷ் தளங்கள் அப்போது நாட்டின் பொருளாதாரத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. சுதந்திரம் கிடைத்து மூன்று வருஷம்கூட ஆகாத நாடு.

இளைஞர்களைக் கட்டாய ராணுவப் பணிக்கு அழைக்கும் தேசிய சேவைக்கான சட்டம் 1967லேயே வந்துவிட்டது. செம்பவாங் கடற்படைத் துறை 1968இல் வணிகக் கப்பல் பட்டறையாக மாறியது. பிரிட்டிஷார் சீக்கிரம் போனாலும் தாமதமாகப் போனாலும் இரண்டும் தேவைப்பட்டிருக்கும். அதே 1968இல் வேலை நியமனச் சட்டமும் வந்து தொழிலாளர்களின் சில சலுகைகளைக் குறைத்தது. அந்தக் காலத்துத் தொழிலாளர்கள் தாங்கிய சுமையை விட்டுவிட்டு இதை வெற்றிக் கதையாக மட்டும் சொல்வது எனக்கு ஒப்பாது. தலைவர்கள் எடுக்கும் துணிச்சலான முடிவுகளின் பாரம் பெரும்பாலும் கீழே இருப்பவர்களின் தோளில்தான் விழுகிறது. அதனால்தான் முடிவை அவர்களிடம் நேராகச் சொல்ல வேண்டிய கடமை வருகிறது.

ஆட்குறைப்பு வரும் என்று மேலிடத்தில் பேச்சு. எனக்குக் கீழே பன்னிரண்டு பேர். "எங்களுக்கு ஒன்றும் ஆகாதுதானே அண்ணே?" என்று கேட்கிறார்கள். என்ன சொல்ல?

இதுதான் அதிகம் கேட்கப்படும் கேள்வி, கேட்பவர்களின் கண்ணில் தூக்கமே இருக்காது.

"ஒன்றும் ஆகாது" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அந்தச் சொல்லை நம்பி ஒருவர் வேறு வேலைக்கு வந்த அழைப்பை விட்டுவிடலாம், வீட்டுக்கு முன்பணம் கட்டலாம். வேலை அனுமதியில் இருப்பவருக்கு வேலை போவது நாட்டை விட்டுக் கிளம்புவதில் முடியலாம். பிள்ளையின் பள்ளி, வாடகை ஒப்பந்தம், ஊரில் வாங்கிய கடன் எல்லாம் அதில் தொங்குகின்றன. ஆறுதலாகச் சொன்ன ஒரு பொய் அவருடைய இரண்டு மாதத்தைத் தின்றுவிடும்.

நிர்வாகம் வெளியே சொல்லாதே என்று சொன்னதை நீங்கள் சொல்ல முடியாது, அதுவும் நியாயம்தான். அந்த எல்லையையே அவர்களிடம் சொல்லலாம். இப்படி: "தம்பி, மேலே பேச்சு நடக்கிறது. யார் யார் என்று எனக்குத் தெரியாது. தெரிந்தாலும் சில விஷயங்களை நான் சொல்ல முடியாத இடத்தில் இருக்கிறேன். ஆனால் உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடி உட்காருவோம், புதிதாக ஒன்றும் இல்லை என்றாலும் உட்காருவோம்." அந்த வெள்ளிக்கிழமையைத் தவறவிடாதீர்கள். செய்தி இல்லாத கூட்டத்துக்கும் நீங்கள் வந்து நிற்பதைப் பார்த்துத்தான் அடுத்த கூட்டத்தில் நீங்கள் சொல்வதை நம்புவார்கள்.

நடைமுறை விவரங்களையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். குறைந்தது 10 ஊழியர்கள் உள்ள நிறுவனம், ஆட்குறைப்பை ஊழியரிடம் தெரிவித்த ஐந்து வேலை நாளுக்குள் மனிதவள அமைச்சுக்கு அறிவிக்க வேண்டும். ஆட்குறைப்பு இழப்பீட்டுத் தொகையைச் சட்டம் நிர்ணயிக்கவில்லை. ஒப்பந்தத்தையும் பேச்சுவார்த்தையையும் பொறுத்தது. இரண்டு வருஷமாவது வேலை செய்தவருக்கு, வேலை செய்த ஒவ்வொரு வருஷத்துக்கும் இரண்டு வாரம் முதல் ஒரு மாதச் சம்பளம் வரை கொடுப்பது இங்கே வழக்கம். ஒப்பந்தத்தில் எதுவும் எழுதாவிட்டால் முன்னறிவிப்புக் காலத்துக்குச் சட்டம் வைத்திருக்கும் அளவு உண்டு: இரண்டு முதல் ஐந்து வருஷத்துக்குள் வேலை செய்தவருக்கு இரண்டு வாரம், அதற்கு மேல் நான்கு வாரம். விருப்பமில்லாமல் வேலை இழந்த குடிமக்களில் தகுதி உள்ளவர்களுக்கு, 2025 ஏப்ரலில் தொடங்கிய ஸ்கில்ஸ்ஃபியூச்சர் வேலை தேடுவோர் ஆதரவுத் திட்டத்தில் ஆறு மாதத்தில் 6,000 வெள்ளி வரை கிடைக்கும். இதையெல்லாம் தாளில் எழுதி எடுத்துப் போங்கள். அதிர்ச்சியில் இருப்பவர் காதில் எண்கள் ஏறாது, தாளை வீட்டில் வைத்துப் படிப்பார்.

உண்மையிலேயே ஒருவரை அனுப்ப வேண்டி வந்தால், நீங்களே நேரில் சொல்லுங்கள். மனிதவளப் பிரிவு அனுப்பும் மின்னஞ்சல் உங்களுக்கு முன்னால் போகக் கூடாது. முதல் இரண்டு வாக்கியத்துக்குள் செய்தி வந்துவிட வேண்டும். வானிலை, குடும்பம் என்று பத்து நிமிஷம் சுற்றினால் எதிரே இருப்பவருக்கு அது சித்திரவதை. சொன்ன பிறகு பேச்சை நிறுத்துங்கள். அவர் அழுதால் அழட்டும், கோபப்பட்டால் படட்டும். "எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது" என்பதை அந்த அறையில் சொல்லாதீர்கள், அது அவருடைய நேரம்.

முதலாளி தப்பான முடிவெடுக்கிறார் என்று தெரிகிறது. பெரியவர்களை எதிர்த்துப் பேசி நமக்குப் பழக்கமில்லையே?

மரியாதையை விட வேண்டியதில்லை. நம் வீடுகளில் தாத்தாவிடம் ஒன்று நடக்க வேண்டுமென்றால் சாப்பாட்டு நேரத்தில் எல்லார் முன்னாலும் யாரும் கேட்பதில்லை. சாயங்காலம், அவர் தனியாக இருக்கும்போது, அத்தை போய்ச் சொல்லுவார். அலுவலகத்திலும் அந்த வழி இருக்கிறது. கூட்டத்துக்கு முன்பே போய்ப் பாருங்கள். "சார், உங்கள் முடிவுதான் கடைசி. ஒரு விஷயம் உங்கள் கவனத்துக்கு வராமல் போய்விடக் கூடாது என்று வந்தேன்" என்று தொடங்குங்கள். அவருடைய கணிப்பு தப்பு என்று வாதாடாதீர்கள், அவருக்குத் தெரியாத தகவலைக் கொடுங்கள். "இந்த மாதம் மட்டும் மூன்று வாடிக்கையாளர் இதையே கேட்டார்கள், பெயர்கள் இதோ" என்றால் அது எதிர்ப்பாகத் தோன்றாது.

கூட்டத்தில்தான் பேச வேண்டும் என்றால் தனியாகப் போகாதீர்கள். 1950களில் சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் ஒரு சோதனை செய்தார். கோடுகளைக் காட்டி எது எதற்குச் சமம் என்று கேட்பார். குழந்தைகூடச் சொல்லிவிடும். ஆனால் அறையில் மற்ற எல்லாரும் பேசிவைத்துக்கொண்டு தப்பான பதிலைச் சொல்வார்கள். ஏறக்குறைய மூன்றில் ஒரு தடவை சோதனைக்கு வந்தவரும் அதே தப்பைச் சொன்னார். ஒரே ஒருவர் சரியான பதிலைச் சொன்னதும் அது இருபதில் ஒன்று என்கிற அளவுக்கு இறங்கியது. அந்த ஒருவரை முந்தைய நாளே தேடிப் பேசி வைத்துக்கொள்ளுங்கள். சில நாள் நீங்களும் இன்னொருவருக்கு அந்த ஒருவராக இருக்க வேண்டும்.

கோயில், சங்கக் குழுக்களில் இது இன்னும் கடினம். அங்கே சம்பளம் கிடையாது, உறவு மட்டும்தான். கணக்கு விஷயம் என்றால் உறவைப் பார்த்து அமைதியாக இருக்காதீர்கள். மற்றவற்றில் ஒரு வருஷம் பொறுக்கலாம்.

என் குழுவில் யாரும் வாயே திறப்பதில்லை. எல்லாம் ஓகே என்கிறார்கள். அப்படியென்றால் எல்லாம் சரியாக இருக்கிறதா?

பெரும்பாலும் இல்லை. ஏமி எட்மண்ட்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1990களில் மருத்துவமனைக் குழுக்களில் மருந்து கொடுப்பதில் நடக்கும் தவறுகளை ஆராய்ந்தபோது, நன்றாக நடக்கும் குழுக்களில்தான் அதிகத் தவறுகள் பதிவாகியிருந்தன. முதலில் அவருக்கே புரியவில்லை. அந்தக் குழுக்களில் தவறு அதிகம் நடக்கவில்லை, நடந்ததைப் பயமில்லாமல் வெளியே சொன்னார்கள் என்பது பிறகுதான் தெளிவானது.

துவாஸில் ஒரு கட்டுமானத் தளத்தில் காலை டூல்பாக்ஸ் மீட்டிங்கை, அதாவது வேலை தொடங்குமுன் நடக்கும் பாதுகாப்புக் கூட்டத்தை, பார்த்தேன். லாரியிலிருந்து இறங்கிய தம்பிகள் ஹெல்மெட்டோடு வரிசையாக நிற்கிறார்கள். ஃபோர்மேன் பட்டியலை வாசிக்கிறார். "பெல்ட் ஓகே? பூட்ஸ் ஓகே? எல்லாம் ஓகே?" "ஓகே பாஸ்." இரண்டு நிமிஷத்தில் முடிந்துவிட்டது. வேறொரு நாள் அதே இடத்தில் வேறொரு ஃபோர்மேன், புதுக்கோட்டைக்காரர். பட்டியலை மடித்துப் பையில் வைத்துவிட்டு, "நேத்து மேலே ஏறினவங்க யாரு? எந்த இடத்துல கால் வைக்க யோசிச்சீங்க?" என்று கேட்டார். யாரும் பேசவில்லை. அவரும் பேசவில்லை, அப்படியே நின்றார். எனக்கே சங்கடமாக இருந்தது. கடைசி வரிசையில் ஒரு பையன், வந்து சில மாதம்தான் இருக்கும், "அண்ணே, மூணாவது மாடி மூலையில பலகை ஆடுது" என்றான். ஃபோர்மேன் அவன் பெயரைக் கேட்டார். அந்தப் பக்கம் யாரும் ஏறக் கூடாது என்றார். போய்ப் பார்த்து, பலகையை இறுக்கிய பிறகுதான் வேலை தொடங்கியது. அரை மணி நேரம் போயிற்று. மறுநாள் கேட்டபோது மூன்று பேர் கை தூக்கினார்கள்.

அரை மணி நேரத் தாமதத்துக்கு மேலே பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். துணிவு என்று நான் சொல்வது அதைத்தான். 2022இல் சிங்கப்பூரில் 46 பேர் வேலையிடத்தில் உயிரிழந்தார்கள். அந்த வருஷம் செப்டம்பரிலிருந்து 2023 மே வரை மனிதவள அமைச்சு கூடுதல் பாதுகாப்புக் காலம் என்று அறிவித்துக் கெடுபிடி செய்தது. சட்டமும் சோதனையும் வேண்டும்தான். ஆடுகிற பலகையை முதலில் பார்ப்பவன் அதன்மேல் கால் வைத்தவன். அவன் வாயைத் திறக்க வேண்டுமென்றால், முதல் தடவை திறந்தபோது என்ன நடந்தது என்பது நல்லபடியாக அவன் நினைவில் இருக்க வேண்டும்.

அலுவலகத்திலும் இதேதான். "கேள்வி இருக்கிறதா?" என்று கேட்டால் இல்லை என்றுதான் வரும். "இந்தத் திட்டம் ஆறு மாதத்தில் படுத்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். எதனால் படுத்தது? ஆளுக்கொன்று எழுதுங்கள்" என்று கேட்டுப் பாருங்கள். கேரி கிளைன் என்ற அமெரிக்க உளவியலாளர் பரப்பிய உத்தி இது. குறை சொல்வது அங்கே துரோகமாகத் தோன்றாது, கொடுத்த வேலையாகிவிடும்.

சிராங்கூன் ரோடு பக்கம் சின்னக் கடை. வாடகையும் ஏறுகிறது, வாடிக்கையாளர்களும் எல்லை தாண்டி ஜோகூருக்குப் போய்ப் பொருள் வாங்குகிறார்கள். தாக்குப்பிடிப்பது துணிவா, மூடுவது துணிவா?

இரண்டும் துணிவாக இருக்கலாம், இரண்டும் பயமாகவும் இருக்கலாம். மூடினால் ஊர் என்ன சொல்லும் என்று பயந்து வீட்டுப் பணத்தைப் போட்டுக்கொண்டே இருப்பவரை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

பொருள் சேவை வரி 2023இல் 8 விழுக்காடு, 2024இல் 9 விழுக்காடு என்று ஏறியது. சிங்கப்பூரையும் ஜோகூர் பாருவையும் இணைக்கும் ஆர்டிஎஸ் ரயில், ஒரு திசையில் மணிக்கு 10,000 பேர் வரை ஏற்றிச் செல்லும் அளவுடையது. அது உங்கள் கடையை எப்படித் தொடும் என்பதை யாராலும் இன்றே அறுதியிட்டுச் சொல்ல முடியாது. அதனால் முடிவை இன்றே எடுக்காதீர்கள், முடிவுக்கான அளவை இன்றே எழுதுங்கள். எத்தனை மாதம் தொடர்ந்து நஷ்டம் வந்தால், சேமிப்பில் எத்தனை வெள்ளிக்குக் கீழே போனால் நிறுத்துவது என்று மனம் தெளிவாக இருக்கும்போது எழுதி, மனைவியிடமோ கணவரிடமோ கொடுத்து வையுங்கள். கடையில் வேலை செய்பவர்களுக்கும், இப்படி ஒரு அளவு இருக்கிறது என்பதாவது தெரிய வேண்டும். அவர்களுக்கும் குடும்பம் இருக்கிறது.

துணிச்சலுக்கும் முரட்டுத்தனத்துக்கும் எப்படி வித்தியாசம் தெரிந்துகொள்வது?

தோற்றால் யார் விலை கொடுப்பார்கள் என்று பாருங்கள். விலையில் உங்கள் பங்கு எதுவுமே இல்லை என்றால் கொஞ்சம் நிதானியுங்கள்.

நான் பெண். உறுதியாகப் பேசினால் திமிர் என்கிறார்கள், மென்மையாகப் பேசினால் கேட்பதில்லை.

நீங்கள் சொல்வது உண்மை, கற்பனை இல்லை. குரலை மாற்றிக்கொள்ளுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். அந்தத் தராசைச் சரிசெய்ய வேண்டியவர்கள் அறையில் இருக்கும் மற்றவர்கள். நடைமுறையில் உதவுவது ஒன்று: முடிவையும் காரணத்தையும் கூட்டம் முடிந்த அன்றே எழுத்தில் அனுப்பிவிடுங்கள். எழுத்துக்குக் குரல் கிடையாது. யார் சொன்னது என்பதும் பதிவாகிவிடும். இதைப் படிக்கும் ஆண்களுக்கு: ஒரு பெண் சொன்ன யோசனையைப் பத்து நிமிஷம் கழித்து வேறொருவர் தன்னுடையதாகச் சொன்னால், "இதை அக்கா முதலிலேயே சொன்னார்" என்று சொல்ல ஐந்து விநாடி போதும்.

துணிந்து பேசி வேலையே போய்விட்டால்?

போகலாம். போகாது என்று நான் சொன்னால் அது உங்களை ஏமாற்றுவது. குடும்பச் செலவுக்குச் சில மாதப் பணம் ஒதுக்கி வைத்திருப்பவரால் மனசாட்சிப்படி பேச முடிகிறது, இதைப் பல பேரிடம் பார்த்திருக்கிறேன். நடந்ததைத் தேதியோடு எழுதி வையுங்கள். பாதுகாப்பு, சம்பளம், பாகுபாடு தொடர்பான விஷயம் என்றால் மனிதவள அமைச்சுக்கோ தொழிற்சங்கத்துக்கோ போக வழி இருக்கிறது. 2025 ஜனவரியில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய வேலையிட நியாயச் சட்டம், பாகுபாடு பற்றிப் புகார் செய்தவரைப் பழிவாங்குவதைத் தடுக்கிறது. அது நடப்புக்கு வரும் தேதியை அமைச்சின் இணையப்பக்கத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

எல்லாச் சண்டையையும் நீங்கள்தான் போட வேண்டும் என்றில்லை. யாருக்காவது காயம் படும், யாருடைய பணமாவது போகும், யாரோ ஏமாற்றப்படுகிறார் என்றால் பேசுங்கள். கூட்ட நேரம் பிடிக்கவில்லை என்பதற்கெல்லாம் உங்கள் துணிவைச் செலவழிக்க வேண்டாம்.

இரவில் தூக்கம் வருவதில்லை. யாரிடமும் சொல்லவும் முடியவில்லை. தலைவராக இருப்பவர் புலம்பலாமா?

உங்களுக்குக் கீழே இருப்பவர்களிடம் எல்லாவற்றையும் கொட்ட முடியாதுதான். "இந்த வாரம் எனக்கும் சுமை அதிகம், பதில் சொல்லத் தாமதமானால் நினைவூட்டுங்கள்" என்ற அளவுக்கு அவர்களிடம் சொல்லலாம், அது நல்லதும்கூட. மீதியைச் சொல்ல வேலைக்கு வெளியே ஓர் ஆள் வேண்டும். அதே மாதிரி பொறுப்பில் வேறு நிறுவனத்தில் இருப்பவர் என்றால் ரொம்ப நல்லது. மாதம் ஒருமுறை தேக்காவில் உட்கார்ந்து ஒரு தேநீர் குடித்தால்கூடப் போதும்.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் கெட்டிருந்தால், சாப்பாடு இறங்கவில்லை என்றால், பலதுறை மருந்தகத்திலோ குடும்ப மருத்துவரிடமோ சொல்லுங்கள். 1771 என்ற தேசிய மனநல உதவி எண் 24 மணி நேரமும் இயங்குகிறது. உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் 1767க்கு உடனே அழையுங்கள், அதுவும் 24 மணி நேரமும் உண்டு. உங்கள் குழுவில் ஒருவர் வந்து இதையே சொன்னாலும் இந்த எண்களைக் கொடுங்கள். அவர் அழைத்து முடிக்கும்வரை பக்கத்தில் இருங்கள்.